ஆள் தெரிந்தவர்

ரேஷன் கடை மெஷினில்
வெள்ளச்சியின் கட்டைவிரல் மூன்றாம் முறையும் தோற்றது.
நாற்பது வருஷம் காப்பி பறித்த விரல்.
ரேகையெல்லாம் நாகலூர் எஸ்டேட்டிலேயே
உதிர்ந்து கிடக்கிறது.
பொருந்தவில்லை என்கிறது சிவப்பு விளக்கு.
நேற்றுதான் எனக்குப் பலாச்சுளை கொண்டுவந்தவள்.

பதிவேட்டில் எழுதுகிறேன்:
கைரேகை பொருந்தவில்லை. ஆள் தெரிந்தவர்.
இருபது கிலோ அரிசி நிறுக்கிறேன்.

என் ரத்தத்தில்
அப்படி எழுத ஒருவரும் இல்லை.

ஒன்பதாவது வாரம். பிறகு பதினொன்று.
பிறகு மறுபடியும் ஒன்பது.
பளு தூக்கியிருப்பாய் என்றார்கள்,
மூட்டை இறக்க ஆள் இருப்பது தெரிந்தும்.
அஸ்தம்பட்டி டாக்டர் மெஹருன்னிசா மட்டும்
குழாய் குழாயாக ரத்தம் கேட்டார்.
பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டார்.
ஒரு முறை சொன்னதை
இரண்டாம் முறையும் சொன்னால்தான் நம்புவாராம்.

சொன்னது.

"கிருமியை அடிக்க வேண்டியவங்க
வீட்டு ஆளையே அடிக்கிறாங்க.
நஞ்சுக்கொடியில ரத்தம் உறையுது.
உங்க மேல தப்பில்லம்மா."
கடைசி வரியை மட்டும்
இருபது கொண்டைஊசி வளைவுக்கும்
ஒவ்வொரு முறை சொல்லிப் பார்த்தேன்.
பதினாலில் வாந்தி வந்தது.
அது வளைவுதான். அப்போது வேறொன்றும் இல்லை.

இப்போது பகலில் ஒரு குட்டி ஆஸ்பிரின்,
இரவு ஒன்பதுக்கு ஊசி.
குழந்தைவேல் போடுகிறார்.
பெயரிலாவது இருக்கிறதே ஒன்று என்று
ஊர் சிரித்தது அவர் காதிலும் விழுந்தது.
மூடுபனியில் மிளகு லோடு இறக்குகிற டிரைவர் கை
அரை அங்குல ஊசிக்கு நடுங்குகிறது.
காற்றுக்குமிழியை வெளியே தள்ளக் கூடாது.
தொப்புளை விட்டு நாலு விரல் தள்ளி,
நேற்று இடம் என்றால் இன்று வலம்.
வயிறெல்லாம் நாவல்பழக் கறை,
பழசு மஞ்சளாய், புதுசு கருநீலமாய்.
நலங்கு வைத்த மாதிரி இருக்கு என்றார் ஒருநாள்.
பேசாம குத்துங்க என்றேன்.

எல்லாருக்கும் பலிப்பதில்லை என்றும்
டாக்டர் சொல்லியிருக்கிறார்.
அதையும் மறக்கவில்லை.

இது பன்னிரண்டாவது வாரம்.
இந்த வாரத்தின் முகத்தை
நான் பார்த்ததே இல்லை.
டப்பாவில் இன்னும் ஆறு ஊசி.
சனிக்கிழமை சேலம் இறங்க வேண்டும்.

அரிசியோடு போன வெள்ளச்சி
படியிலிருந்து திரும்பிக் கேட்கிறாள்:
"சக்கரை எப்ப வரும்?"
வந்துடும் என்கிறேன்.
கை மட்டும்
மேசைக்குக் கீழே போகிறது.