நாலாவது டவுன்

திங்கள் காலை ஆறேகாலுக்கு
கதவில் அட்டையைத் தேய்த்தேன்.
சிவப்பு.
சட்டையில் துடைத்துவிட்டுத் தேய்த்தேன்.
சிவப்பு.
தலைமைப் பயிற்சியாளரை இரவே அனுப்பிவிட்டார்களாம்.
ஒரு தலை உருண்டால் கூடவே ஒன்பது உருளும்,
எட்டாவது என்னுடையது.
'டைட் எண்ட், ஸ்பெஷல் டீம்ஸ்' என்று
என் அறை வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தை
காவலர் அர்னுல்ஃபோ
கிழியாமல் உரித்துக்கொண்டுவந்து தந்தார்.

டைட் எண்ட் என்றால் யார் என்று
மார்லிஸின் அக்கா நன்றிநாள்தோறும் கேட்பாள்.
பந்து பிடிப்பவனா, ஆளைத் தள்ளுபவனா?
இரண்டும்.
"அப்படியானால் எதிலும் கெட்டிக்காரன் இல்லை"
என்பாள், வான்கோழியை நறுக்கியபடி.

உண்மைதான், இரண்டுங்கெட்டான்கள்.
தள்ளுகிறவர்கள் கண்ணுக்கு ஒல்லி,
ஓடுகிறவர்கள் கண்ணுக்குக் குண்டு.
சலவை இயந்திரங்களுக்குப் பக்கத்து அறையில்
ஐந்தைந்து பேராக உட்காரவைத்து
இருபத்தாறு வருடம் நான் சொன்னது இவ்வளவே:
முதலில் இடி, பிறகு திரும்பு,
திரும்பும்போது கை திறந்திருக்கட்டும்.
டெவிட்டா ஃபோனோட்டி அதைத் தன் கல்யாணத்தில்
மைக் பிடித்துச் சொன்னானாம்.
மணமகள் சிரிக்கவில்லையாம்.

ஸ்பெஷல் டீம்ஸ் இன்னும் மோசம்.
பெயரில் மட்டும்தான் ஸ்பெஷல்.
பந்தை வைத்துக்கொண்டு இனி பயனில்லை
என்று ஆனபிறகு இறங்கும் கூட்டம்.
ஜனங்கள் பாப்கார்னுக்கு எழுந்துபோகும் நேரம்.
குனிந்தவன் கால்களுக்கிடையே பந்தை அனுப்ப
முக்கால் நொடி.
உதைப்பவன் வாங்கி உதைக்க
ஒன்றேகால்.
இரண்டரை ஆனால் நடுவே யாரோ ஒருவன் கை.
அந்த அரை நொடிக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

சனிக்கிழமை அது நடந்தது.
ஒஹாயோவின் நவம்பர், பந்தின்மேல் உறைபனி.
கிப் லண்ட்கிரன் அனுப்பியது
ஒருமுறை தரையைத் தொட்டது.
ஒரே ஒருமுறை.
அடுத்து நான் பார்த்தபோது
எங்கள் கடைசிக் கோட்டுக்குள்
எண்பத்தெட்டாம் எண் சட்டைக்காரன்
பந்தை வயிற்றுக்கடியில் வைத்துப் படுத்திருந்தான்,
தூங்குகிறவன் மாதிரி.
பாப்கார்ன் வாங்கப் போன யாரும் இல்லை.
நாற்பதாயிரம் பேரும் இருக்கையில் இருந்தார்கள்.
கிப் என் பக்கம் வரவில்லை.
நானும் போகவில்லை.
போயிருக்கலாம்.

நெப்ராஸ்கா, மேற்கு டெக்சஸ், ஒஹாயோ.
மூன்று ஊர், மூன்று வாடகை வீடு.
மார்லிஸ் பல் சுத்தம் செய்பவள்.
மாநிலம் தாண்டினால் பல் மாறுவதில்லை,
உரிமம் மாறிவிடுகிறது.
ஐம்பது வயதில் தேர்வு எழுதப் போனவளிடம்
மேற்பார்வைக்கு நின்ற பையன்
ஈறு எத்தனை பகுதி என்று கேட்டானாம்.
"வாயைத் திற, எண்ணிச் சொல்கிறேன்" என்றாளாம்.

ஜனவரியில் பயிற்சியாளர்கள் மாநாடு.
ஓட்டல் முகப்பில் ஐயாயிரம் ஆண்கள்,
நெஞ்சில் கரடி, நெஞ்சில் ஓநாய், நெஞ்சில் காட்டெருமை.
என் சட்டைக் கழுகை
முந்தின இரவே நூல் நூலாகப் பிரித்துவிட்டேன்.
ஊசித்துளைகள் போகவில்லை.
உற்றுப் பார்த்தால் இறக்கை தெரிந்தது.
எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு நள்ளிரவு
கிப்பிடமிருந்து செய்தி.
எழுத்தில்லை, எண் மட்டும்:
0.71
தன் கராஜ் சுவரில் எறிந்துகொண்டிருக்கிறான் போல.
என்ன பதில் போடுவது என்று தெரியாமல்
எழுந்து சமையலறை விளக்கைப் போட்டேன்.
அணைக்க மறந்து தூங்கியிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து மொண்டானாவிலிருந்து அழைப்பு.
சின்னக் கல்லூரி, பாதிச் சம்பளம்.
டைட் எண்ட், ஸ்பெஷல் டீம்ஸ்,
கோடையில் மைதானப் புல்லும் என் பொறுப்பு.

தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்த மார்லிஸிடம் சொன்னேன்:
"இது நாலாவது டவுன்.
மூன்று முயற்சியும் தீர்ந்துவிட்டது.
புத்தியுள்ளவன் உதைத்து அனுப்பிவிடுவான்.
அதைத்தானே ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தேன்."

"எத்தனை கஜம் பாக்கி?" என்றாள்.
"மைல் கணக்கில்தான் தெரியும்" என்றேன்.
அடுத்த தட்டை எடுத்தாள்.