வரி 212

உளுந்துக் கிடங்கின் மென்பொருளுக்குள்
கூடவே பிறந்த எடிட்டர் ஒன்று உண்டு.
தீப்பெட்டி அகலம். வரிக்கு எண் கிடையாது.
ஒரு தடவைக்கு மேல் பின்வாங்க விடாது.
நேற்று ஓர் அடைப்புக்குறியைக் கைதவறி அழித்தேன்.
முந்நூறு வரிகள்
எந்தக் கதவு எந்த அறைக்கென்று தெரியாமல் நின்றன.

அதனால்தான் வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவருகிறேன்.

யாங்கூன், போட்டத்தாங், ஐம்பத்தோராம் தெரு.
மின்சாரம் இரவு ஒரு மணிக்கு வந்து
ஐந்துக்குப் போய்விடும்.
முதலில் தண்ணீர் மோட்டார், பிறகு அரிசிக் குக்கர்,
மிச்சமிருந்தால் நான்.
எடிட்டர் சொட்டுச் சொட்டாய் இறங்கியது.
தொண்ணூற்றேழு சதவீதத்தில்
டீ குடிக்கப் போனதுபோல் நின்றுவிட்டு
வந்தது.

அமைப்புகள். கருவிகள். வெளி எடிட்டர்.
பாதையைக் காட்டு என்றது, காட்டினேன்.
அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.
மறுபடி காட்டினேன்.
இல்லை.
கண்ணெதிரே இருப்பதை இல்லையென்று சொல்ல
இதற்கும் வாய் வருகிறது.
கோப்புறையின் பெயரில் இரண்டு சொல்லுக்கு நடுவே
ஓர் இடைவெளி.
பாதை அதோடு முடிந்ததென்று திரும்பியிருக்கிறது, பாவம்.
முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டதும்
தாண்டிப் போனது.

ஓரத்தில் சொடுக்கினால் சிவப்பாய் ஒரு புள்ளி.
ஓடிவரும் நிரல் அந்த இடத்தில்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
கையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம்.
ஒளிக்கத் தெரியாது அதற்கு.

மூன்று மாதமாய் எடை சேரவில்லை.
லாரித் தராசு கிலோவில் சொல்லும்,
கிடங்குத் தராசு வீசையில் சொல்லும்,
நடுவே லாரிக்கு நானூறு வீசை, ஒன்று குறைய,
காணாமல் போகும்.
சுமைக்காரர்களைச் சந்தேகித்தோம்.
எலியைச் சந்தேகித்துப் பூனை வாங்கினோம்.
சாவி வைத்திருந்த கோ தன்ட் ஸினுக்கு
சம்பளத்தில் பிடித்தம்.

வரி 212-இல் புள்ளி வைத்தேன்.
கிலோ: 3919. வகுப்பது: 1.4.
பக்கத்தில் பச்சை எழுத்தில் ஒரு குறிப்பு,
இருளப்பன் எழுதியது:
'வீசை, ஊர்க் கணக்கு.'

எந்த ஊர், இருளப்பா?
நீ பிறந்தது தாட்டோனில்.
உன் அப்பா பிறந்ததும் அங்கேதான்.
இங்கே வீசை ஆயிரத்து அறுநூற்று முப்பத்து மூன்று கிராம்.
சொல் கப்பலேறி அப்படியே வந்தது,
எடைதான் இங்கே வந்து பெருத்துவிட்டது.
கூப்பிட்டுக் கேட்கலாமென்றால்
மே சோட்டுக்கு அந்தப்பக்கம் எங்கோ இருக்கிறாய்,
எண் அணைந்து கிடக்கிறது.

1.633.
ஓட்டினேன். இரண்டாயிரத்து நானூறு.
இன்னொரு லாரியை ஓட்டினேன், சரி.
அதற்கு முந்தின மாதத்து லாரி, சரி.

கூரையில் தொட்டி வழிந்து
அடுத்த வீட்டுத் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.
மோட்டாரை மறந்திருக்கிறேன்.
ஓடிப்போய் அணைக்கக் கை வைக்கையில்
தெருவே அணைந்தது.

பேட்டரி பதினொன்று சதவீதம்.
அந்த வெளிச்சத்தில் முதலாளிக்கு எழுதினேன்:
பிடித்ததை எல்லாம் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்,
தப்பு நம் கணக்கில்.
பூனை இருக்கட்டும்.