நூன்

பெஹ்னாம் வீட்டுச் சுவரில்
நேற்று மறுபடி எழுதினார்கள் அந்த எழுத்தை.
இந்த முறை அனுமதி கேட்டு, வாடகை கொடுத்து,
கழுவினால் போகிற சாயத்தில்.

வழக்கமாக எங்கள் ஊரை மொராக்கோவில் எடுப்பார்கள்.
இவர்கள் மோசுலுக்கே வந்துவிட்டார்கள்.

ஒரு கிண்ணம், நடுவில் ஒரு புள்ளி.
நஸ்ரானி என்பதன் முதலெழுத்து.
என் பெயரிலும் இரண்டு முறை வரும்;
அதனால் 'தனூன் டயர் கடை' பலகையைச்
சாக்கு போட்டு மூடினார்கள்,
பார்ப்பவர்கள் குழம்புவார்களாம்.

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன்
கை துடைக்காமல் எழுந்துபோய்ச் சொன்னேன்:
புள்ளி இவ்வளவு வட்டமில்லை அம்மா.
எழுதிய பையன் அவசரத்தில் இருந்தான்.
சாயம் மூன்று விரல் கீழே ஒழுகியது.

கலை இயக்குநர் நன்றி சொல்லி ஒழுகவிட்டாள்.
பிறகு, தூரிகையைப் பார்த்தபடி,
"அப்போது நீங்கள் எங்கே?"
இங்கேதான்.
இதே முக்காலி, இதே பசை டப்பா.

திரைக்கதையில் அப்படி ஒரு ஆள் இல்லை.

பின்னேரம் நாயகன் வந்தான்,
நகரத்தை மீட்க.
ஒன்பது மாதம் பிடித்தது எங்களுக்கு;
அவனுக்கு ஒளி மங்குவதற்குள் முடிக்க வேண்டும்.
கதவை உதைத்தான்.
விழவில்லை. மறுபடி.
வால்நட் மரம், பெஹ்னாமின் அப்பா போட்டது.
ஏழாவது உதையில்
அவர்கள் கேட்டபடி உடைந்தது.

சாவி என் சட்டைப்பையில் இருந்தது,
போகிற இரவு அவன் கொடுத்துவிட்டுப் போனது.
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை,
இரண்டாம் தடவையாக.

கதவுக்குத் தனியாகப் பணம் தந்திருக்கிறார்கள்.
ஸ்வீடனுக்கு அனுப்ப வேண்டும்.
விவரம் என்கிற கட்டத்தில்
என்ன எழுதுவது?