விபத்தில்லாத நாட்கள்

கஞ்சிக்கோட்டில் எங்கள் உருக்காலை வாசலில்
ஒரு பச்சைப் பலகை.
மலையாளம், இந்தி, தமிழ் மூன்றிலும்
'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி
கீழே மூன்று ஆணி.

காலை ஏழு மணிக்கு ஏணி வைத்து ஏறி
நேற்றோடு ஒன்றைக் கூட்டி
மாட்டிவிட்டு இறங்குவது என் வேலை.
ஏணிக்கு ஒரு கால் கட்டை.
செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

ஒருமுறை ஆறைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.
கம்பெனிக்கு மூன்று நாள்
சும்மா கிடைத்தது.

இருநூற்றுப் பதினேழாம் நாள்
பழைய இரும்போடு இரும்பாக
யாருடைய பைக்கிலோ கழற்றிய ஷாக் அப்சார்பர் ஒன்று
உள்ளே எண்ணெயோடு உலைக்குள் போனது.
அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்றே
செய்த சாமான்.
உலை ஒரு தடவை இருமியது.
பக்கத்தில் நவக்கரை வெள்ளிங்கிரி
பீடிக்கு நெருப்பு வேண்டாம் என்று
அப்போதுதான் சொல்லியிருந்தார்.

பாலக்காடு பன்னிரண்டு கிலோமீட்டர்.
கோயம்புத்தூர் நாற்பது.
"கோயம்புத்தூர்" என்றார் சேஃப்டி ஆபீசர் சசீந்திரன்,
ஒரு நொடிகூட யோசிக்காமல்.
ஜீப் வாளையாறு தாண்டியது.
கந்தேகவுண்டன் சாவடியில்
(பேரிலேயே பாதி எழுதி வைத்திருக்கிறார்கள்)
ஜினேஷ் வண்டியை ஓரங்கட்டி
மணி பார்த்துக்கொண்டான்.
மூன்று நாற்பது. தமிழ்நாடு.

"சம்பவம் இங்கே. மரணம் அங்கே.
ஆளோ காண்ட்ராக்ட்.
நம்ம பலகை எந்த ஸ்டேட்டில் இருக்கு?"
ஏணியில் பாதி ஏறியிருந்த என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் பூஜ்யம் மாட்டப் போயிருந்தேன்.
பெட்டியில் இரண்டுதான் இருந்தன.
நூறுக்கு இரண்டு, இருநூறுக்கு இரண்டு,
மூன்று வேண்டியிருக்கும் என்று
யாரும் ஆர்டர் போடவில்லை.
ஒரு ஆணியைச் சும்மா விடட்டுமா சார்?
கூடாது.
வெறும் ஆணியில் யாராவது கையைக் கிழித்துக்கொண்டால்
அது விபத்து.
ஸ்டோரில் இண்டென்ட் போடு,
பதினைந்து நாளில் வரும்,
வரும்வரைக்கும் எண்ணிக்கொண்டே போ.

218.
219.
கணவாய்க் காற்று தகடுகளை உலுக்கும் சத்தம்
ராத்திரி ஷிப்டு முழுக்கக் கேட்டது.

இருநூற்று முப்பத்தொன்றாம் நாள்
கணக்கு முடிக்க வந்தார் மயிலாத்தாள்.
திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள்கள் என்று
ஸ்டோர் கீப்பர் வர்கீஸ் வாசித்தார்.
அடையாள அட்டை: கொண்டுவந்திருந்தார், ஓரம் உருகி.
ஷூ ஒரு ஜோடி:
வர்கீஸே அதை அடித்துவிட்டார், தலை நிமிராமல்.
ஹெல்மெட் ஒன்று, மஞ்சள்.

"அது வூட்ல இருக்குதுங்க.
போட்டா மண்டை வேகுதுன்னு
தை மாசமே கொண்டாந்து வெச்சுட்டாரு."

கொண்டுவந்தால்தான் செக் தர முடியும்.

"அதுல கோழி அடை உக்காந்திருக்குதுங்க.
அவரு போன மூணாம் நாளு உக்காந்தது.
இன்னும் ஒம்பது நாளு பொறுத்தீங்கன்னா..."

எத்தனை முட்டை என்று கேட்டேன்.
பதினொன்று என்றார்.
எனக்கு ஒன்று இருந்தால் போதும்.
சொல்லவில்லை.

வர்கீஸ் பேனாவை மூடினார், திறந்தார்.
இருபது வருஷமாக ஹெல்மெட் பட்டியல் எழுதுகிறவர்,
அந்தக் கட்டத்தில்
இதுவரை யாருக்கும் எழுதாததை
நிதானமாக எழுதினார்:
'உபயோகத்தில் உள்ளது.'

நேற்று மழை.
செங்கல்லில் ஒரு மூலை பெயர்ந்திருக்கிறது.
காலையில் ஏறும்போது பார்த்தேன்,
இறங்கும்போது மறந்துவிட்டேன்.