நாற்பது கொறச்சி

டோல்கேட்டுக்கு வடக்கே, கடலுக்கும்
கண்டெய்னர் வரிசைக்கும் நடுவில் என் எடைமேடை.
அறுபது டன் தாங்கும்.
ஒரு மேசை, ஒரு மின்விசிறி, கார்பன் வைத்த ரசீதுப் புத்தகம்.
உப்புக்காற்றில் துருப்பிடிக்காதது
அந்தப் புத்தகம் மட்டும்.

தேசப்பன் முதலில் வந்தது கிளீனராக.
பழைய இரும்பு ஏற்றிய லாரியின் படியில் தொங்கிக்கொண்டு,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
இன்னொன்றைத் துறைமுக வாசலில்
எவனோ மிதித்து அறுத்துவிட்டானாம்.
டிரைவர் டீ குடிக்கப் போன நேரம்
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:
"நாப்பது கொறச்சி எழுது நைனா."

நாற்பது கிலோ. என்ன பெரிய இரும்பு?
ஒரு கதவுக்குக்கூடக் காணாது.
எழுதினேன்.
சாயங்காலம் மேசைமேல் வஞ்சிரம் வறுவல் பொட்டலம்.
எண்ணெய் இறங்கி
அன்றைய ரசீது ஒன்று கண்ணாடியானது.

மழைக்காலம் முடிவதற்குள் நாற்பது நானூறு.
கொருக்குப்பேட்டைக் கடைக்காரர்கள்
அவனுக்கு நாற்காலி போட்டார்கள்.
"எழுதுப்பா" என்றான்.
நைனா எங்கே உதிர்ந்தது என்று நான் தேடவில்லை.
வீட்டில் அப்போதுதான் ஃபிரிட்ஜ் வந்திருந்தது.

அந்தச் சாலை அன்றைக்கு நாதமுனியுடையது.
ஒவ்வொரு லாரிக்கும் ஒரு விலை,
ஒவ்வொரு விலையையும் வசூலிக்க ஒரு பையன்.
வெற்றிலை போடுவார், சத்தம் போட மாட்டார்.
தேசப்பனைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.
மகள் மஞ்சள் நீராட்டுக்கு
அவன்தான் மாமன் வரிசை தூக்கினான்.

ஆடி மூன்றாம் ஞாயிறு, கூழ் வார்க்கும்போது,
அண்டாவுக்குப் பக்கத்திலேயே நாதமுனியை வெட்டினார்கள்.
கூழ் சிவந்துபோச்சு என்று சொல்பவர்கள்
அன்று அங்கே இல்லாதவர்கள்.
இருந்தவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.
நான் இருந்தேன்.

மறுநாள் ஒரு சின்ன லாரி மேடையேறியது.
சாமந்தி, சம்பங்கி, உதிரி ரோஜா,
மூலகொத்தளம் வரைக்கும் தூவிக்கொண்டு போக.
எல்லாம் தேசப்பன் செலவு.
பூவை எடைபோட இங்கே யாரும் வருவதில்லை.
ஏற்றச் சொன்னான்.
முந்நூற்று எழுபது காட்டியது.
"கூட்டி எழுதுடா."

பாடைக்கு முன்னால் சட்டையில்லாமல் ஆடினான்.
அழுதான்.
அந்த அழுகை நிஜம்,
அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

அதற்கப்புறம் அவன் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை.
பையன் வருவான். "அண்ணன் சொல்லிச்சு."
ஒரு விரல் காட்டினால் ஒரு டன்.
இரும்பு, நிலக்கரி, பாமாயில்.
எடைபோட முடியாத மனைகளும் வீடுகளும்கூட
எடை குறைந்துதான் அவனிடம் போய்ச் சேர்ந்தன.
மேம்பால ஃபிளெக்ஸில் கும்பிட்டுக்கொண்டு நின்றான்,
இரண்டு காலிலும் செருப்பு.

வருஷத்துக்கொருமுறை ஆய்வாளர் வருவார்.
சோதனைக் கல் அடுக்கிப் பார்ப்பார்.
"மெஷின் கரெக்டா இருக்கு" என்று
ஈய முத்திரை குத்திவிட்டுப் போவார்.
அது எப்போதும் கரெக்டாகத்தான் இருந்தது.

போன மாதம், கரண்ட் போய்ப்போய் வந்த ராத்திரி,
காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு
தேசப்பன் தனியாக நடந்து வந்து மேடைமேல் நின்றான்.
பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.
புதுப் பையன் ஒருவன் இப்போது
அவன் பக்கத்தில் உட்காருகிறானாம்.
நல்ல பையன் என்கிறார்கள்,
வீட்டுக்கே மீன் கொண்டுவந்து கொடுப்பானாம்.

லாரி நிறுக்கும் மேடை ஒற்றை ஆளைச் சரியாகச் சொல்லாது.
எழுபது, எண்பது, மறுபடி எழுபது.
ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்தான்.
"எவ்ளோ நைனா?"

பேனாவை எடுத்தேன்.
கை அதுபாட்டுக்கு நாற்பது குறைத்தது.
முப்பது.
கார்பனுக்குக் கீழேயும் அழுத்தமாக விழுந்தது.