குறைவில்லை

கடல் உறைந்தால் ஹீயுமா தீவுக்குச் சாலை வந்துவிடும்.
எஸ்தோனியாவில் அதை யாரும் வியப்பதில்லை,
சீட் பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஓட்டிப் போய்விடுகிறார்கள்.

பனியின் தடிமன் < 22 என்றால்
தடுப்புக் கட்டை இறங்க வேண்டும்.
ஒற்றை வரி.
எழுதியவன் நான்.

டிசம்பரில் முதல் கோளாறு.
பழைய கருவி ஒன்று எண்ணை எழுத்தாக அனுப்பியது.
எழுத்துக்கும் எழுத்துக்கும் வழக்கென்றால்
முதல் எழுத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடும்:
இரண்டைவிட ஒன்பது பெரிது,
ஆகவே இருபத்திரண்டைவிடவும் ஒன்பது பெரிது.
ஒன்பது சென்டிமீட்டர் பனிமேல்
தாராளமாய்ப் போகலாம் என்றது திரை.
சாலை அப்போது திறந்திருக்கவே இல்லை. சிரித்தோம்.
விர்வே கேக் வாங்கி வந்தாள்.

பிப்ரவரி பதினொன்று, காலை ஆறேகால்.
நான்காம் கருவியின் கம்பி அறுந்தது.
எண்ணுக்குப் பதில் 'எண்ணல்ல' என்று ஒன்று வந்தது,
எண்களின் சட்டையை மாட்டிக்கொண்டு,
எண்களின் வரிசையில்.
இருபத்திரண்டுக்குக் குறைவா என்று கேட்டது நிரல்.
இல்லை.
அதற்குக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான்.
கட்டை உயர்ந்தே நின்றது.

பிறகு உட்கார்ந்து மிச்சத்தை நான் கேட்டேன்.
அதிகமா? இல்லை.
சமமா? இல்லை.
சரி, நீ உனக்காவது சமமா?
இல்லை.
பொய்யில்லை ஒன்றுகூட.

அங்கே, திறந்த சாலையின் நடுவில்
மண்வாரியோடு போய் நின்றிருக்கிறார் ஹெல்டுர்.
ரொட்டி வண்டியிலிருந்து ஐவோ ஹாரன் அடித்திருக்கிறான்.
"பச்சை எரியுதே!"
"நாலாவது கருவிப் பக்கம் எனக்குத் தெரியல."
"மெலிசா இருக்கா?"
"தெரியல."
"அப்ப கெட்டியா இருக்கலாமில்ல?"
"தெரியலன்னேன்."
நாற்பது நிமிடம். ரொட்டி விறைத்துப்போனது.

துளைபோட்டு அளந்தார்கள்: முப்பத்தொன்று.
யானையே போயிருக்கலாம்.
ஐவோ இன்னும் அவரோடு பேசுவதில்லை.

அன்றிரவு வரியைத் திருப்பிப் போட்டேன்.
குறைந்தால் மூடு என்றிருந்ததை
எட்டினாலோ மிஞ்சினாலோ திற என்று.
மற்றபடி மூடியே இரு.
கட்டை இனி மேலே நிற்க
ஒரு 'ஆம்' வேண்டும்,
'இல்லை' போதாது.

மறுநாள் திருத்தத்தைப் பார்த்த விர்வே
கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
இரண்டும் ஒன்றுதானே?

எண்ணாக இருந்தால், என்றேன்.