பீப்பாய் 418

காலை பத்தரை. இன்னும் எதுவும் சாப்பிடவில்லை.
பல் துலக்கியதுகூட வெறும் தண்ணீரில்தான்.
மூக்கை வைத்துப் பிழைக்கிறவளுக்கு
மற்ற வாசங்கள் எல்லாம் கடன்காரர்கள்.

ருவாரி குப்பிகளைக் கொண்டுவந்து வைக்கிறான், பன்னிரண்டு.
நனைந்த மழைக்கோட்டு கதவுக்கு வெளியே,
நான் சொல்லாமலே.

நீலக் கண்ணாடிக் கிளாஸ். நிறம் தெரியக்கூடாது.
கறுத்த விஸ்கியைக் கண்டதும்
கண்ணை நம்பிக் கை எழுதிவிடும்:
உலர்திராட்சை.

முதல் ஆறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
ஓக் மரம் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கின்றன.
வனிலா. தேங்காய். வெட்டிய பேரிக்காய். மறுபடி வனிலா.
ஏழாவதில் கந்தக நெடி, அணைத்த தீக்குச்சி.
தள்ளி வைத்தேன்.

எட்டாவது
நானூற்றுப் பதினெட்டு.

பத்தொன்பது வருடம் கடலோரக் கிடங்கில்
ஓதம் ஏறும் சுவரை ஒட்டிக் கிடந்தது.
நிரப்பியபோது ஐந்நூறு லிட்டர்,
இப்போது முந்நூற்று நாற்பது.
மீதியைத் தேவதைகள் குடித்தார்கள் என்று
ஐலாவில் சொல்வார்கள்.
கிடங்கின் சுவரெல்லாம் கறுத்துப் படர்ந்த பூஞ்சையைப் பார்த்தால்
தேவதைகளுக்கு
வாய் துடைக்கிற வழக்கம் இல்லை போல.

முதல் முகர்வில் புகை.
பீட் புகைதான்; ஆனால் அடுப்பருகே அல்ல,
மறுநாள் ஸ்வெட்டரில்.
இரண்டாவதில் ஆரஞ்சுத் தோல்.
மூன்றாவதில்
ஏதோ ஒன்று. தெரிந்த ஒன்று.
நாக்கு நுனிவரை வந்து
செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நிற்கிறது.

தண்ணீர் விட்டேன், துளித் துளியாக.
எண்ணெய்ச் சுருள்கள் அவிழ்ந்தன.
கிட்டே வந்தது. பெயர் வரவில்லை.

ஒரு வாய் எடுத்தேன்.
நுனியில் தித்திப்பு, ஓரங்களில் உப்பு,
ஆறிப்போன தேநீரின் துவர்ப்பு,
தொண்டையில் மிளகுக் கார்ப்பு.
மற்றவற்றைத் துப்பினேன், அது விதி.
இதை விழுங்கிவிட்டேன்.
எல்லாம் இறங்கிய பிறகு
அது மட்டும் திரும்பி வந்து நின்றது,
வாடகை கேட்பவனைப் போல.

ருவாரி குடிப்பதில்லை.
ஞாயிறு இரண்டு வேளையும் சர்ச்.
இருபத்தாறு வருடமாகப் பீப்பாய் உருட்டுகிறான்,
சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே
எவ்வளவு மிச்சம் என்பான்,
ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை.

"இதை முகர்ந்து பாரேன்."

முகர்வது கணக்கில் சேருமா என்று யோசித்தான்.
பிறகு வாங்கினான், இரண்டு கைகளாலும்.

"ஃபெர்ரி," என்றான்.
"கீழ்த்தளம். கார் நிறுத்துகிற இடம். டிசம்பர்."

அதேதான்.
நனைந்த கயிறு, டீசல், துருவின் மேல் அடித்த புதுப் பெயிண்ட்,
யாரோ காருக்குள் உரித்த ஆரஞ்சு,
கதவு இறங்குமுன்
எல்லோரும் எஞ்சினை உறுமவிட்டுக் காத்திருக்கும்
அந்த ஒரு நிமிடம்.

"போகிற ஃபெர்ரியா, வருகிற ஃபெர்ரியா?"
கிண்டலாகத்தான் கேட்டேன்.

கண்ணை மூடி மறுபடி முகர்ந்தான்.
"வருகிறது," என்றான்
சந்தேகமே இல்லாமல்.

எடின்பரோ அலுவலகத்தில்
டீசல் என்று எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.
எழுதினேன்:
ஆரஞ்சுத் தோல். மெல்லிய புகை. கடல் உப்பு. நீண்ட முடிவு.
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று.
எதுவும் பொய்யில்லை,
எதுவும் அது இல்லை.

பாட்டிலில் அடை, கலவைக்கு அனுப்பு, காத்திரு:
மூன்று கட்டங்கள்.
காத்திரு என்பதில் குறியிட்டேன்.
சாராயச் சத்து நாற்பத்தெட்டு, இன்னும் மூன்று வருடம் தாங்கும்.
காரணம் எழுத ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள்.
இ. மெக்ஃபேடியன் என்று கையெழுத்து மட்டும் போட்டேன்.

மாலையில் பார்த்தால்
பதினோரு கிளாஸ்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன.
பன்னிரண்டாவது
கழுவாமல், வாயில் தட்டு மூடி,
ஜன்னலோரம்.

காலி கிளாஸில்தான் பீட் விடியும்வரை நிற்கும்.
குடிக்காதவனுக்கு
இதை யார் சொன்னது?